முதல் வாய்

மசாலாப் பொடி கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை அவருக்கு. அவர் நாக்கில் வைத்துத் தலையாட்டாமல் ஒரு பொட்டலம் வெளியே போகாது. அதனால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் நாக்குக்காரர்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் மனைவியோடு அந்தத் தென்னிந்திய ஓட்டலுக்கு வந்துவிடுவார். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை அவர்களுடையது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சர்வர் நைச்சியமாகப் பேசி எழுப்பிவிடுவார்.

அன்றைக்குத் தோசையும் சாம்பாரும் வந்த நேரம் பார்த்து மனைவிக்கு அவள் தங்கையிடமிருந்து போன்.

"என்னக்கா, ஓட்டல் சத்தமா இருக்கு. ஜோடியா கிளம்பியாச்சா?"

"ஆமாண்டி. உங்க அத்தான் இன்னும் தட்டைத் தொடல. நான் ஒரு வாய் வச்சாத்தான் அவர் வைப்பார். காய்ச்சல்ல படுத்து எழுந்ததுல இருந்து இப்படித்தான்."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. தன் வயிறு ரொம்பின பிறகுதான் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கறதே ஞாபகம் வரும்."

"அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்."

சொல்லும்போதே அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டிலும் "நீ முதல்ல" என்று தட்டை நகர்த்திவிட்டு, அவள் மென்று விழுங்குகிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புதுசாகக் கல்யாணமானபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை. இதைச் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது.

தங்கை மாமியார் கதையை ஆரம்பித்தாள். அது லேசில் முடிகிற கதையில்லை. நாக்குக்காரர் காத்துப் பார்த்தார். பசி பொறுக்காமல் தோசையைப் பிய்த்தார், சாம்பாரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார், இன்னொரு கிண்ணம் வாங்கி அதையும் குடித்தார்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றாள்.

"அமிர்தம். இன்னைக்கு மாஸ்டர் கை தனி."

அப்போதுதான் சர்வர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"சாம்பாரைத் தொடாதீங்கம்மா. சமையல்கட்டுல ரெண்டு பேர் ஆளுக்கொரு தடவை உப்பை அள்ளிக் கொட்டித் தொலைச்சிருக்காங்க. அந்த மேசையில ஒருத்தர் துப்பியே துப்பிட்டார்." காலிக் கிண்ணங்களைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "சார், நீங்களா குடிச்சீங்க?"

நாக்குக்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"வேற கொண்டாறேன்" என்று சர்வர் நழுவிவிட்டார்.

அவள் போனை அணைத்தாள். தன் கிண்ணத்தில் விரல் நுனியைத் தோய்த்து வாயில் வைத்தாள். நாக்கு சுருண்டது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இதையா அமிர்தம்னீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"உப்பு, புளிப்பு, காரம் எதுவுமே. காய்ச்சலுக்கப்புறம் நாக்கு மரக்கட்டை ஆயிடுச்சு. ருசி திரும்ப வரலாம், வராமலும் போகலாங்கறார் டாக்டர்."

"அப்ப கம்பெனியில தினமும் என்னதான் பண்றீங்க?"

"கூட ஒரு அம்மா நிக்கறாங்க. முதல்ல அவங்க வாயில வைப்பாங்க. அவங்க புருவத்தைப் பாத்து சொல்லிடுவேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"உன்கிட்ட சொன்னா உன் தங்கச்சிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா கம்பெனி வாசல்ல போர்டு எழுதி மாட்டின மாதிரி. வேலை போயிடும். எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

வேறொரு நாளாக இருந்தால் தங்கையைப் பற்றி இப்படிச் சொன்னதற்கு அவள் சண்டைக்கே போயிருப்பாள். இன்றைக்கு அது காதில் ஏறவில்லை. புருவம் என்றாரே, அங்கேயே நின்றுவிட்டாள்.

"வீட்ல நீ முதல்லன்னு சொல்றதும் அதுக்குத்தானா?"

அவர் தலை கவிழ்ந்தது.

"என் மூஞ்சியைப் பாத்துத்தான் குழம்புல உப்பு கம்மின்னு சொன்னீங்களா?"

"ம்."

அவள் தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், அங்கே இப்போது என்ன எழுதியிருக்கிறதோ என்பதுபோல.

புது சாம்பார் ஆவி பறக்க வந்தது. "இப்ப சாப்பிட்டுப் பாருங்கம்மா" என்று வைத்துவிட்டு சர்வர் போனார். பழக்க தோஷம், நாக்குக்காரரின் கண் மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தில் வந்து நின்றது. அவள் ஆசை என்று நினைத்துப் பூரித்த அதே பார்வை.

அவள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க முதல்ல."

அவர் கை தோசைமேல் அப்படியே இருந்தது.