படத்துக்குக் கட்டிய சாரம்

"குண்டூசிய இஞ்ச தா புள்ள. இடுப்புல நிக்குதில்ல இது."

கட்டிலின் மேல் ஏறி நின்று, சுவரிலிருந்த ஆணின் இடுப்பைச் சுற்றிச் சாரம் கட்டிக்கொண்டிருந்தாள் அன்னப்பூரணி. தோலை உரித்து, தசையும் குடலும் தெரிய நிற்கிற அந்த ஆளுக்கு வெட்கம் என்ற ஒன்று மிச்சமிருக்க நியாயமில்லை. ஆனாலும் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். படத்தில் பக்கத்தே நின்ற பெண்ணுருவத்துக்கு ஏற்கெனவே பூப்போட்ட துவாய் ஒன்று போர்த்தியாகிவிட்டது.

"அம்மா, அந்தாளுக்கு ஈரல் வெளிய தெரியுது. சேட்டும் போட்டு விடுங்களன்," என்றாள் மகள் கம்சாயினி.

"வாய மூடு. கிழிச்சு எறி எண்டு சொன்னன், கேட்டியா?"

கிழிக்க மனம் வருமா? டவுனில் தாதி உதவியாளர் படிப்புக்குச் சேர்ந்த அன்றே கோதுமை மாவில் பசை காய்ச்சி, உடற்கூற்றுப் படத்தைச் சுவரோடு சுவராக ஒட்டியவள் அவள். அறையைப் பூட்டவும் வழியில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகிற சொத்து. குடிவரப் போகிற மாப்பிள்ளையின் ஆட்கள் கிணறு முதல் குசினி அடுப்பு வரை எட்டிப் பார்க்காமல் எழும்பமாட்டார்கள்.

மாப்பிள்ளையின் ஊரான உன்னிச்சையிலிருந்து முன்கூட்டியே வந்த கதையும் நல்லதாக இல்லை. பெண் ஆம்பிளை உடம்பைப் படம் பார்த்துப் படிக்கிறாள் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அருமைநாயகத்துக்கு யாரோ ஓதிவிட்டார்கள். படிப்பை விட்டால்தான் சம்பந்தமாம். இங்கே சித்தாண்டியில் இவர்கள் தெரு முழுக்க இதே பேச்சு. பேசிய பெண்களில் பாதிப்பேர் பின்னேரங்களில் கம்சாயினியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, காதுக்குள் சந்தேகம் கேட்கிறவர்கள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. அவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எது நொந்தாலும் அது வயிறு.

கம்சாயினிக்கு அடுத்த மாதம் பரீட்சை. மாப்பிள்ளை உதயரூபனைப் பிடிக்கவில்லை என்றும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் எதைச் சொல்வாள்? அது தெரியாததுதான் காலையிலிருந்து அவளுக்குக் கோபம்.

வந்தார்கள். அருமைநாயகம் கதிரையை முழுதாக நிறைத்தார். உதயரூபன் தன் கால் விரல்களைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய தாய் இரத்தினம்மா மட்டும் கதிரை விளிம்பில், ஒரு பக்கமாகச் சரிந்து. வந்த சுருக்கில் கக்கூஸ் எங்கே என்று கேட்டாள். பணியாரத் தட்டு வந்ததும் மறுபடியும் கேட்டாள். திரும்பும்போது கூடத்துக்கு வராமல் அறைக்குள் நுழைந்தாள். அன்னப்பூரணி கண்ணைக் காட்ட, கம்சாயினி பின்னால் ஓடினாள்.

இரத்தினம்மா படத்தைப் பார்த்தாள். சாரத்தைப் பார்த்தாள்.

"என்ன மகள், இந்தாளுக்குக் குளிரோ?"

"அம்மாக்குத்தான் மாமி குளிர்."

சிரிக்கப்போனவள் பாதியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். "ஒண்டு கேப்பன். ஆரிட்டயும் சொல்லிப்போடாத."

பெண்ணுருவத்தின் துவாயை இரண்டு விரலால் தூக்கி, ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இது... கீழ இறங்கி வாற மாதிரிக் கிடக்கு. மகன் பிறந்த நாளில இருந்து. இவனுக்கு இப்ப இருபத்தெட்டு. வயல் வட்டைக்குள்ள குனிஞ்சு ஒரு வேல செய்ய ஏலா. வயித்துநோ எண்டுதான் எல்லாரிட்டயும் சொல்லி வெச்சிருக்கன்."

"டொக்டரம்மா பாத்துத்தான் சொல்லணும் மாமி. கர்ப்பப்பை இறங்கியிருக்கும் போல. கனபேருக்கு வாற வருத்தம், வைத்தியம் இருக்கு. திங்கக்கிழமை கிளினிக்குக்கு நான் கூட்டிப் போறன்."

"கர்ப்பப்பை," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள் இரத்தினம்மா. தெரியாத சொல் அல்ல. வாயால் சொன்னதுதான் இல்லை. "அண்ணனுக்கு மட்டும் தெரியப்படாது."

கூடத்தில் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார்.

"வீடு பரவாயில்ல. புள்ளயும் பரவாயில்ல. இந்தப் படிப்புத்தான் எங்கட குடிக்குச் சரிவராது. நாளைக்கே நிப்பாட்டிப்போடணும். என்னகா தங்கச்சி?"

இரத்தினம்மா தலையை ஆட்டினாள். அண்ணன் கேட்டால் ஆட்டிப் பழகிய தலை.

அன்னப்பூரணி 'ஓம்' என்று சம்மதிக்க வாயெடுக்குமுன், கம்சாயினி தேத்தண்ணிக் கோப்பையை இரத்தினம்மாவிடம் நீட்டினாள்.

"படிப்ப நான் விடல்ல மாமி. இந்தச் சம்பந்தம் சரிவராட்டியும், திங்கக்கிழமை வந்து உங்களக் கூட்டிப் போவன்."

"எங்க கூட்டிப் போறது?" அருமைநாயகம் தங்கை பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வருத்தம்?"

"வயித்து..." என்று தொடங்கினாள் இரத்தினம்மா. இத்தனை வருடம் கைகொடுத்த சொல். இரத்தினம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வயிறில்ல அண்ணன். கர்ப்பப்பை. இவனப் பெத்ததில இருந்து இறங்கிக் கிடக்கு."

பணியாரம் அருமைநாயகத்தின் கன்னத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. "ஆம்பிளையளுக்கு முன்னால என்ன கதை இது? எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

"விளங்காட்டி உள்ளுக்குப் படம் கிடக்கு. துவாயத் தூக்கிப் பாருங்க."

அவர் அசையவில்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்த உதயரூபன்தான் எழுந்து அறைக்குள் போனான்.

அன்னப்பூரணி பெருமூச்சு விட்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"தம்பி, குண்டூசி குத்தியிருக்கு. கை கவனம்."