குடும்பத்தினருக்கு மட்டும்

இஸ்ரவேல் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல் மகேசன் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிங்கண்ணே, கசங்குது."

"கசங்கட்டும். நானும் வாறன்."

"எங்க?"

"நீ போற இடத்துக்கு."

இஸ்ரவேல் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினான். வளைகுடா ஊரான ரூவியில் அந்த அறைக்கு இருவரும் குடிவந்து நான்கு வருஷமாகிறது. மகேசன் யாழ்ப்பாணத்துக்காரன், ஒரு இறக்குமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். இஸ்ரவேல் மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த ஏ.சி. மெக்கானிக். எண்பத்து மூன்று ஜூலையில் கலவரத்தில் கொழும்பு எரிந்த செய்தி கேட்டு மகேசன் மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தவன் இஸ்ரவேல்தான். அதற்கு அடுத்த வருஷம், "எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போகலண்ணே. ஆம்பளைங்க மேலதான்" என்று அழுதபடி அவன் சொன்னதை மகேசன் இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைதான் இப்போது புண்ணாகியிருந்தது. மீரா சாகிப்பின் சாப்பாட்டுக் கடையில், சமையல்கட்டை ஒட்டி ஒரு பின்னறை. வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து அந்தி மஃரிப் பாங்கு வரை அது இஸ்ரவேலைப் போன்ற ஏழு பேருக்கு. வெளியே வாய் தவறி ஒரு வார்த்தை வந்தால், மறுநாளே கையில் டிக்கெட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே எந்த வார்த்தைக்கும் பயமில்லை. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மற்ற ஆண்கள் எவ்வளவு நல்லவர்களானாலும் திரையைத் தாண்டக் கூடாது.

"ஊரில சாதி பாத்துக் கிணத்தில தண்ணி அள்ள விடாதவங்கள் இருக்கிறாங்கள். அவங்களுக்கும் உங்களுக்கும் என்னடா வித்தியாசம்?" என்றான் மகேசன்.

சீப்பு நின்றது. "அங்க ஊருக்கே கிணறு ஒண்ணுண்ணே. உங்களுக்கு ரூவி பூரா கிணறு கெடக்கு. எங்களுக்கு அந்தப் பன்னெண்டடி அறைதான."

"அப்ப நான் உனக்கு ஆர்?"

"அண்ணன்தான். எந்திரிங்க."

சட்டை கசங்கலோடுதான் போனது.

நியாயம் அவன் பக்கம் என்று மகேசனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பொறாமைக்கு நியாயம் எங்கே காது கேட்கும்? முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் இருவரும் மத்ராக் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டு நடப்பார்கள். இப்போது ஆறு நாள் குறட்டை இவனுக்கு, ஏழாம் நாள் சிரிப்பு அவர்களுக்கு.

அரை மணி நேரம் பொறுத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கடைக்குள் நுழையும்போதே அந்தச் சிரிப்பு கேட்டது. நான்கு வருஷத்தில் அறையில் ஒருநாளும் கேட்டறியாத, வயிற்றிலிருந்து வெடிக்கிற சிரிப்பு. "தம்பி, அங்க போவாதீங்க" என்று கல்லாவிலிருந்து மீரா சாகிப் குரல் கொடுப்பதற்குள் மகேசன் திரையை விலக்கிவிட்டான்.

கொத்தனார் அழகுமலை, காதோரம் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகிக்கொண்டு தன் முதலாளியம்மாவைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தான். ரோஜா சட்டென்று சட்டைப்பைக்குள் போயிற்று. இஸ்ரவேலின் தோளில் சாய்ந்திருந்த ஒரு தலை நிமிர்ந்தது. மகேசனின் கண் அந்தத் தோளிலேயே நின்றது.

"நான் இவன்ர ரூம்காரன். ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றான். இன்னும் அன்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான். "நீங்கள் வழக்கம்போல இருங்கோ. நான் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பாக்கிறதுக்கு என்ன இருக்குங்க இங்க?" என்றான் அழகுமலை. "டீ குடிக்கிறோம்."

அப்புறம் எல்லோரும் லீவைப் பற்றியும் சைட் வெயிலைப் பற்றியும் பேசினார்கள். பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் இஸ்ரவேலும் மகேசனும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகேசன் கேட்டது கிடைத்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இஸ்ரவேல் திட்டவில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. அண்ணே என்றுதான் கூப்பிட்டான். ஆனால் சோற்றை மட்டும் தனித்தட்டில் போட்டுக்கொண்டான்.

சித்திரையில், மூன்று மாத விசாவில் மகேசனின் மனைவி கமலேஸ்வரி வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் இஸ்ரவேல் வேறு அறைக்கு மாறிக்கொண்டான். கடிதம் தவறாமல் இஸ்ரவேலைப் பற்றி வாசித்திருந்தவள், வந்த முதல் வெள்ளிக்கிழமையே, "அந்தத் தம்பியையும் கூப்பிடுங்கோ, எல்லாரும் சேந்து சாப்பிடுவம்" என்றாள். மூவருமாக மீரா சாகிப்பின் கடைக்குப் போனார்கள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க!" மீரா சாகிப் முன்னால் நடந்து பின்னறைத் திரையை விலக்கினார். பூப்போட்ட புதுத் திரை. மேலே புதுப் பலகை: குடும்பத்தினருக்கு மட்டும். இஸ்ரவேல் காலெடுத்து வைக்கப் போனபோது அவர் கை குறுக்கே வந்தது. "தம்பி, பேச்சிலருக்கு வெளியதான்."

"என்ர தம்பி மாதிரி, காக்கா" என்றான் மகேசன் மீரா சாகிப்பிடம்.

"மாதிரின்னா எப்படி? மத்த குடும்பம் வர்ற எடம்."

"விடுங்கண்ணே. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சட்டம் இருக்கும்லா" என்று இஸ்ரவேல் சிரித்தான். அது வயிற்றுச் சிரிப்பு இல்லை. வாசலோர மேசையில் போய் உட்கார்ந்தான்.

திரை விழுந்தது. கமலேஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். "எல்லா இடத்திலையும் இப்பிடியோ?"

"ஓம். இங்கத்தை வழக்கம்" என்றான் மகேசன் சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவன் காதில் விழுந்தது. அதில் கோபமே இல்லை. நேற்று மாட்டிய இந்தப் பலகைக்காக அவன் யார் சட்டை மேலும் ஏறி உட்காரவில்லை, கிணற்றுக் கதையை இழுக்கவுமில்லை. எத்தனையோ உணவகங்களில், பூங்காக்களில் இதே பலகையைப் பார்த்து மரியாதையாக விலகிப் போயிருக்கிறான்.

சாப்பாடு வந்தது. "நான் வந்தது இந்தத் திரைச்சீலையைப் பாக்கவோ?" கமலேஸ்வரி தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கோ, வெளியில இருப்பம்." அத்தனை ஆண்களும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்க, மீரா சாகிப், "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடிவர, வாசலோர மேசைக்கு நடந்தாள். மகேசன் பின்தொடர்ந்தான்.

நாற்காலி காலியாக இருந்தது. பாதி டீ ஆறிக் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

"எங்கை போயிட்டார்?"

இந்த ஊரில் எங்கோ இன்னொரு பின்னறை, இன்னொரு திரை. அந்தப் பக்கம் இந்நேரம் அழகுமலை ரோஜாவைச் செருகிக்கொண்டிருப்பான். வழி கேட்டால் இஸ்ரவேல் இனி ஒருநாளும் சொல்லமாட்டான். மகேசனுக்குப் பழைய எரிச்சல் மூண்டது. அதை அடக்கிக்கொண்டு, அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அவன்ர ஆக்களிட்டை" என்றான்.