புலமைப்பரிசிலுக்கு ஒரு பாராட்டு விழா

"நாடுகள் யாவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, பகையை வெளியே கழற்றி வைத்துவிட்டு…" என்று ஸைனுலாப்தீன் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சபையிலிருந்து முதல் கதிரை பறந்து வந்தது. பூச்சாடியை உடைத்துக்கொண்டு போய், தலைமை தாங்கிய மாமனார் பக்கீர் முகைதீன் மரைக்காரின் முழங்காலில் அது இறங்கியது.

ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நிலையம். உலகத்தை யார், எப்படி ஆள்வது என்று ஒரு வருடம் உட்கார்ந்து யோசிப்பதற்காக வளர்முக நாடுகளின் அறிஞர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. எண்பத்தோராம் ஆண்டு ஆசியாவிலிருந்து எடுபட்ட நாலு பேரில் விரிவுரையாளன் ஸைனுலாப்தீனும் ஒருவன். அது என்ன படிப்பென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததாலேயே மரியாதை கூடியது. "மருமகன் உலகத்த ஆளப் போறாரு" என்று மரைக்கார் கல்முனைக் கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வினை விழா நோட்டீசில் இருந்தது. இந்தக் கரையில் ஆண்பிள்ளை தாயின் குடியில், தாய்வழி வம்சத்தில், பிறக்கிறான். கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தாலும், மவுத்தாகி மண்ணுக்குள் போகும்வரை தாயின் குடிதான் அவன் குடி. மரைக்காரோ, சோறு போடுகிற உரிமையில், 'எமது செப்புமாலைக் குடி ஈன்ற மாணிக்கம்' என்று அச்சடித்துவிட்டார். ஸைனுலாப்தீன் பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டைவிட்டபோது அவனை எந்தக் குடியும் ஈன்றதாகச் சொல்லவில்லை. இப்போது அவனுடைய உம்மாவின் பெரியவரம்புக் குடிக்காரர் ஆளுக்கொரு நோட்டீசைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அச்சுக்கு முன் அந்தத் தாள் அவனிடம்தான் வந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு மணித்தியாலம் போயிற்று. குடியை அவன் பார்க்கவில்லை. பார்த்தும் விட்டிருக்கலாம்; அது அவனுக்கே இப்போது நிச்சயமில்லை.

"எங்கட பிள்ளைக்கு நீ ஆருடா வாப்பா!" என்று மரைக்காரைப் பார்த்து ஒரு குரல் எழுந்தது. சந்தைத் திடலில் போட்ட பந்தலின் கால்கள் பிடுங்கப்பட்டன. பொன்னாடை போர்த்த வந்தவரை அந்தப் பொன்னாடையாலேயே கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். வரவேற்புரை சொன்ன ஆசிரியர் வாயைப் பொத்தியபடி தன் பல்லை மண்ணில் தேடினார். ஸைனுலாப்தீன் மேசைக்கடியில் இருந்தான். மேசைவிரிப்பை விலக்கிப் பார்த்தபோது, பந்தலுக்குக் குழி தோண்டிய இரும்பு அலவாங்கோடு அப்துல் ஸமட் நின்றான். உம்மாவின் தங்கையான சாச்சியின் மகன், இவன் குடி, சின்னதில் ஒரே பாயில் படுத்த தம்பி.

"காக்கா, நீங்க அதுக்குள்ளயே இரிங்க. மேல பட்டிரும்," என்றான் அன்பாக. பிறகு திரும்பி மரைக்காரை நோக்கி ஓங்கினான். குறுக்கே வந்து விழுந்தவன் மரைக்காரின் மகன் றஸாக். நனைந்த பலகை பிளந்தது போலச் சத்தம் கேட்டது. றஸாக் விழுந்த பிறகும் அலவாங்கு ஒரு முறை இறங்கியது. கீழே உருண்டு கிடந்த மைக் அணையவில்லை. அவன் மூச்சு இழுபடுவதைச் சந்தை முழுவதற்கும் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், றஸாக்கின் கட்டிலருகே பொலிஸ் சார்ஜன் வாக்குமூலப் புத்தகத்தை விரித்தார். தலைக்கட்டு ஊறிச் சிவந்திருந்தது. அவன் அக்காவும் ஸைனுலாப்தீனின் மனைவியுமான ஸகியா கரண்டியால் தண்ணீர் பருக்கினாள். அது கடைவாயால் வழிந்தது. அவள் அடுத்த கரண்டியை எடுத்தாள்.

"சேர், அடிச்சது ஆரு?" என்று ஸைனுலாப்தீனைக் கேட்டார்.

"இது தனி ஒராள்ர பிரச்சின இல்ல, சார்ஜன். ரெண்டு தரப்புக்கும் கனகாலத்து மனக்கசப்பு…"

"தரப்ப அடைக்க எங்கிட்டக் கூடு இல்ல, சேர். பேரச் சொல்லுங்க."

"சொன்னா?"

"நீங்கதான் முதல் சாட்சி. வழக்கு முடியுமட்டும் பாஸ்போட்ட நீதவான் கோட்டுல குடுத்து வெச்சிரணும்."

வியாழக்கிழமை விமானம். முதலாந் திகதி வந்து சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். சிறிய நாடுகளுக்கு உலக மன்றங்களில் நீதி கிடைப்பது எப்படி என்பதுதான் அவன் ஆய்வு. அதை எழுத ஒருவன் போயாகத்தானே வேண்டும்? இங்கே சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது.

"கூட்டம் நெருக்கம். முகம் சரியாத் தெரியல்ல," என்றான்.

சார்ஜன் எழுதி முடித்துக் கையெழுத்துக்காகப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். ஸைனுலாப்தீன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"அவருக்குத் தெரியல்லயாம்," என்றாள் ஸகியா, தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குத் தெரியும். பொண்டுகளுக்குக் கட்டின திரையக் கிழிச்சிட்டுத்தான் ஓடி வந்தன். அப்துல் ஸமட். ரெண்டாவது அடியும் அவன்தான்."

"தங்கச்சி, யோசிச்சுக் கதைங்க. புருசன்ட சொந்தம்."

"ஓம், சொந்தம். எழுதுங்க."

சார்ஜன் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, புதிய பக்கம் ஒன்றைப் புரட்டினார். இப்போது அவர் முதுகுதான் ஸைனுலாப்தீனுக்குத் தெரிந்தது. எழுதி, வாசித்துக் காட்டினார். ஸகியா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"பேனையத் தாங்க," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, கையை மட்டும் பின்னால், அவனை நோக்கி நீட்டினாள். உள்ளங்கைக் கோடுகளுக்குள் றஸாக்கின் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. ஈ ஒன்று வந்து அதில் இருந்தது. அவள் கையை அசைக்கவில்லை.