புழுவுக்குப் போட்ட பேர்

அலுமினியச் சட்டியில் வெள்ளை பிளாஸ்டிக் பால் மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி கிண்டுகிற தடியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிபிடிக்கும். அடிபிடித்தால் பழுப்பாகும். பழுப்பான தூண்டில் புழுவை மீனும் சீந்தாது, வாங்குகிறவனும் சீந்தமாட்டான். கஞ்சிபோல் கெட்டியான பால் இன்னும் கொஞ்சம் சூடேறியதும் இளகி, கண்ணாடிபோல் தெளிந்தது. பச்சைச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டான். மினுக்குத் தூளைக் கிள்ளிப் போட்டான். பெரிய ஊசிக்குழாயில் இழுத்துச் சாந்து அச்சின் துளைக்குள் ஏற்றினான்.

"கொழுந்து காய வச்ச கை இப்பப் புழு காய்ச்சுது" என்றாள் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வேலாயி. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் துணி காயப்போட வந்தவள். "ஏன் மூர்த்தி, சோத்துக்கு ஊத்திக்கலாமா இத?"

"ஊத்திக்கங்க அக்கா. லூலா மீன் வந்து வாயில தொங்கும்."

மூர்த்தி தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் சூட்டடுப்பில் நின்றவன். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. மூடின அன்று துரை எல்லோருக்கும் கைகொடுத்தார். அதற்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை.

மழை பொய்த்த மாதங்களில் டேமின் தண்ணீர் இறங்கும். கொழும்பிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களின் றப்பர் புழுக்கள் சேற்றில் அறுந்து கிடக்கும். மூர்த்தி அவற்றைப் பொறுக்கி வந்து உருக்கி மறுபடி புழுவாக்கினான். ஹட்டனில் மீன்பிடிச் சாமானும் ஆணி பெயின்ட்டும் விற்கும் மஃறூப் நானாவிடம் ஐம்பது புழுவைக் கொடுத்துப் பார்த்தான். நானா அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு கம்பியில் தொங்கவிட்டார். பிறகுதான் கூப்பிட்டு அனுப்பினார்: ரெண்டாயிரம் புழு வேண்டும், விலை சொல்லுங்கள் என்று.

ரெண்டாயிரம் புழுவுக்குச் சேற்றில் பொறுக்கினால் கட்டாது. மாதிரிக்கு ஒரு போத்தல் வாங்கிக் காய்ச்சிப் பார்த்த பாலைக் கொழும்பிலிருந்து கேன் கணக்கில் வரவழைக்க வேண்டும். பால் என்றால் காசு. அப்படியானால் ஒரு புழுவுக்கு என்ன செலவு?

அதை உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மனைவி நிஷாந்தி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கறை படிந்த விரலை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு அச்சுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். மூர்த்திக்குக் கூட்டல் வரும். வகுத்தல் வராது.

"ஒரு லீட்டர் பால் மூவாயிரத்து அறுநூறு. எத்தன புழு வரும்?"

"எரநூறு."

"பதினெட்டு ரூபா." அவள் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "குமிழ் விழுந்து பழுதாப் போறது?"

"பழுதாப் போறத திரும்பச் சட்டியில போட்டுருவேன். அது நட்டமில்ல."

"கேன் பஸ்ஸுல வாறதுக்குக் குடுக்கிறது?"

"அத விட்டுட்டேனே. ஒரு ரூபா போடு."

சாயமும் மினுக்கும் மூன்று. பொலித்தீன் பக்கட்டுக்கு ஒன்று. அச்சு உடைந்தால் புதிதாக வார்க்கும் சாந்துக்கு இரண்டு. நெத்தலிக் கருவாட்டை இடித்துப் பாலில் கலப்பான், மீன் மணத்துக்கு வரும், அதற்கு ஒன்று. கேஸுக்கு நாலு என்றதும் நிஷாந்தி நிமிர்ந்தாள்.

"மிலாறு போட்டு எரிங்களேன். மலையில கவாத்து வெட்டின தேயிலை மிலாறு சும்மா கெடக்கு."

"மிலாறு எரிஞ்சா ஒரு பக்கம் குப்புனு எரியும், ஒரு பக்கம் அவியும். பால் கருகிரும். நாலு ரூபாயப் போடு."

போட்டாள். முப்பது வந்தது. இரண்டு பேரும் அந்த முப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடக் குறையும் என்று நினைத்திருந்தார்கள்.

"இத நானாகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள் நிஷாந்தி. "செலவு தெரிஞ்சா அதுக்கு மேல ஒரு ரூபா வச்சு அமத்திருவாரு."

"என்னைய என்ன பைத்தியம்னு நெனச்சியா?"

அவன் சொல்லவில்லை. மஃறூப் நானா கடையில் வைத்துக் கேட்டும் சொல்லவில்லை. நானாவும் விடவில்லை. வெளிநாட்டுப் புழு தனக்கு என்ன விலைக்கு வருகிறது என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். கடைசியில் நானா முப்பத்து நாலு ரூபாய் என்றார்.

"நாலு ரூபா" என்று மூர்த்தி வாய்க்குள் முணுமுணுத்தான்.

"பேர் போடாத சாமானுக்கு அவ்வளவுதான் மூர்த்தி. சாமான் நல்லா ஈக்குது, நான் இல்லேங்கல்ல. ஆனா பேர் இல்ல. நீங்க பேர் போட்டுட்டு வாங்க. அப்ப விலை வேற. சனிக்கிழம முடிவு சொல்லுங்க."

மூர்த்தி பஸ் ஏறி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தான். கடைக்காரன் ஒருவன், தானாக வாயைத் திறந்து, பேர் போடு என்கிறான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தோன்றியது. என்ன சூது என்று பிடிபடவில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் நாட்கூலி. காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசை நின்று, மலைக்கு ஏறி, சொன்ன கிலோவைப் பறித்துக் கொடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மூர்த்தியின் அப்பனும் அம்மையும் அந்தச் சொல்லை வேறு எதற்கும் பாவித்துக் கேட்டதில்லை.

"பேர் போடச் சொன்னாரா? அவரா?" நிஷாந்திக்கும் நம்பிக்கை வரவில்லை.

"அவர் வாயாலதான்."

"நாம நம்ம கை வேலைக்குக் கூலி சேக்கவே இல்லியே. அத அவரு கண்டுபுடிச்சிட்டாரு." கைபேசியை எடுத்தாள். "ஒரு நாளைக்கு எத்தன ஊத்துவீங்க?"

"நூறு தாராளமா."

"ஆயிரத்து முந்நூத்தம்பது ஒரு பேரு. புழுவுக்குப் பதிமூணரை."

"ஒனக்கு?"

"எனக்கு என்ன?"

"அச்சுலருந்து உரிக்கிறது யாரு, வெட்டுறது யாரு, பக்கட்டுல போடுறது யாரு? அந்தியில வந்துதானே செய்யுற. அரைப் பேரு போடு."

அவள் திரையைச் சேலையில் துடைத்தாள். பிறகு போட்டாள். இரண்டு பேருமாக இருபது ரூபாய் இருபத்தைந்து சதம். முப்பதோடு சேர்ந்து ஐம்பதே கால்.

"கால் ரூபாய நானாவுக்கு விட்டுருங்க" என்றாள். "பாவம்."

இதற்கிடையில் நிஷாந்தியின் அண்ணன் லோஜன் கொழும்பிலிருந்து அழைத்துவிட்டான். கொட்டாஞ்சேனையில் ஒரு கிட்டங்கி. மூட்டை இறக்கும் வேலை. தங்க இடம் உண்டு, திங்கட்கிழமை வந்தால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஆள். தங்குகிற இடம் என்ன இடம் என்று மூர்த்திக்குத் தெரியும். முன்பு ஒரு வருடம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழுந்தவன். ஊருக்கு வந்தபோது வேட்டியெல்லாம் வெங்காயம் நாறியது. நானா முப்பத்து நாலிலேயே நின்றால் மறுபடி அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்.

சனிக்கிழமை கடையில் கூட்டமில்லை. வேலைக்காரப் பெண் அப்ரா ஆணியை நிறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மூர்த்தி புதிதாகச் செய்த புழுப் பொதியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான். கம்பியில் தொங்கிய ஐம்பதில் நாலைந்துதான் மிச்சமிருந்தன. அதையும் பார்த்துக்கொண்டான்.

"வாங்க மூர்த்தி. பேர் யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு நானா. போட்டாச்சு. எனக்கு முழுப் பேர், வீட்டுக்காரிக்கு அரைப் பேர்."

மஃறூப் நானா கண்ணாடியைக் கழற்றினார். "அரைப் பேரா? அதென்ன பேர்?"

"அவ அந்தியிலதானே வாறா. முழுசாப் போட்டா ஞாயமில்லையே."

"ஒரு பக்கட்டுக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

"ஒருத்தரால முடியாது நானா. ஊத்துறது ஒரு வேல, உரிக்கிறது ஒரு வேல."

நானா அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூர்த்தி, நான் கேட்டது பக்கட்டுல அச்சடிக்கிற பேர். டைகர், கிங்கு, அப்படி ஏதாவது. சாமானுக்கு ஒரு பேர்."

அப்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். நானாவுக்கு அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "முழுப் பேராம். அரைப் பேராம். அல்லாவே, பெரட்டுக் களத்தக் கொண்டாந்து என்ட கடையில வச்சிட்டாரு."

மூர்த்தியின் காது சூடானது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு முப்பத்து நாலுக்குத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவன் சிரிக்கவில்லை.

"நீங்க எந்தப் பேரக் கேட்டீங்களோ எனக்குத் தெரியாது. நான் போட்ட பேரு போட்டதுதான். அம்பது ரூபா."

சிரிப்பு நின்றது. "அம்பதா?"

"சாமான் செலவு முப்பது." சொல்லக்கூடாது என்றிருந்ததைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு பயம் போய்விட்டது. "எங்க ரெண்டு பேருக்கும் இருபது. கால் ரூபா ஒங்களுக்கு விட்டிருக்கு."

"நாப்பது வச்சுக்கங்க. ஒங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

"நாப்பதுன்னா பத்து ரூபா வெட்டணும் நானா. யாரு பேர வெட்டச் சொல்றீங்க? அவளுக்கு இல்லேன்னு சொல்லிட்டு, எனக்கும் கொறச்சா சரியா வரும். நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."

நானா பென்சிலால் காதைச் சொறிந்தார். மூர்த்தி பொதியைக் கட்ட ஆரம்பித்தான். முடிச்சுப் போட்டு முடிக்கவில்லை, வாசலில் ஒரு வேன் நின்றது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி நேரே கம்பியடிக்கு வந்து, மிச்சமிருந்த புழுக்களைத் தடவிப் பார்த்தார்.

"மேவா தவ தியனவாத?" இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மூர்த்தி பொதியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். மஃறூப் நானா பொதியைப் பார்த்தார். மூர்த்தியைப் பார்த்தார்.

பெரியவர் தானாகவே பேசிக்கொண்டிருந்தார். போன கிழமை இதில் மூன்று லூலா பிடித்தாராம். வெளிநாட்டுப் புழுவைக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மீன், இதை விழுங்கியதாம். மணம் வேறு என்றார். கருவாட்டு மணம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எத்தனை இருந்தாலும் தருமாறு கேட்டார். ஒன்று நூற்றிருபதுதானே என்று அவரே சொல்லிக்கொண்டு பையைத் திறந்தார்.

மூர்த்திக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். நூற்றிருபதும் விளங்கியது.

கம்பியில் இருந்தவற்றை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கூட்டாளிகளுடன் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாங்குவதாகச் சொல்லி அவர் போனார்.   மூர்த்தி நானாவின் காசு லாச்சியைப் பார்த்தான்.

"அம்பது" என்றார் நானா.

"ரெண்டாயிரத்துக்குமா?"

"ரெண்டாயிரத்துக்கும். முடிச்ச அவுழுங்க மனுசன்." லாச்சியைத் திறந்து முன்பணம் எண்ணினார். "இந்த வெலைக்குச் சீமையிலருந்தே எடுப்பன். கருவாட்டாலதான் மாட்டிக்கிட்டன். சரி, பக்கட்டுக்கு என்ன பேர் அடிக்க?"

"அந்தப் பேரு ஒங்க செலவு நானா" என்றான் மூர்த்தி.

இந்த முறை அப்ரா வாயைப் பொத்தாமலே சிரித்தாள்.

பஸ் நிலையத்தில் நின்று லோஜனுக்கு அழைத்தான். இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது.

"மச்சான், திங்கக்கெழமைக்கு வேற ஆளப் பாத்துக்க."

"ஏன் மச்சான், தோட்டத்துல பேரு குடுத்துட்டாங்களா?"

"இல்ல. நானே போட்டுக்கிட்டேன்."

லயத்தில் செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேலாயி வாசலிலேயே மறித்தாள். "புழு உரிக்க ஆள் எடுக்கிறியாமே. எனக்கும் ஒரு அரைப் பேரப் போடுப்பா. வெத்தல வாங்கிக்கிறேன்."

"வாங்க அக்கா. ஆனா கை கழுவிட்டு வரணும். வெத்தலக் கறை பட்டா மீன் கோவிச்சுக்கும்."

நிஷாந்தி பணத்தை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். திரும்பி வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சினாள்.

"இனி நீ மலைக்குப் போகாத" என்றான் அவன், சாப்பிட்ட கையோடு.

"போகாட்டி தோட்டம் குடுத்த இந்தக் காம்பிராவ யாரு வச்சிருக்கிறது? ஒருத்தர் பேராவது தோட்டத்துச் செக்ரோல்ல நிக்கணுமில்ல. பேசாமச் சாப்பிடுங்க."

புதன்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். கேன் வந்திருந்தது. மூர்த்தி கூரைக்குக் கீழே அடுப்பை இழுத்து வைத்து ஊற்றத் தொடங்கினான். நிஷாந்தி தேயிலைச் செடி கிழிக்காதிருக்கக் கட்டும் படங்குச் சீலையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினாள்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசை நின்றது. அவளுடைய சாக்கைத் தராசில் மாட்டினார்கள். முள் பத்தொன்பதில் நின்றது. பதினெட்டு எடுத்தால் முழுப் பேர்.

"மழைத் தண்ணிக்கு ரெண்டு கழிவு" என்றார் கணக்கப்பிள்ளை. "பதினேழு. அரைப் பேர்."

பின்னால் நின்றவர்கள் அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

"போட்டுக்கங்க ஐயா" என்றாள் நிஷாந்தி. "மிச்ச அரைப் பேரு வீட்டுல இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் படங்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினாள். இரண்டு பையன்கள் சாக்கைத் தராசிலிருந்து கழற்றித் தூக்கினார்கள். அதிலிருந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தைக்கூட யாரும் வெளியே எடுத்து வைக்கவில்லை. கழித்த இரண்டு கிலோவும் மற்றப் பதினேழோடு சேர்ந்து லொறியில் ஏறியது.