பதின்மூன்றாம் பகுதி

'வான்கரை நிலையம்' தொடரை முழுத்தொகுப்பு என்று சொல்லி மூன்று முறை வெளியிட்டார்கள். முதலில் வீடியோ கேசட், பிறகு விசிடி, அப்புறம் டிவிடி. மூன்றையும் வாங்கினேன். மூன்றிலும் பன்னிரண்டு பகுதிகள்தான் இருந்தன. கதை முடிகிற பதின்மூன்றாவது பகுதி டிவிக்காரர்களிடமே அழிந்துபோய்விட்டதாம். பன்னிரண்டைக் கொடுத்துவிட்டு அட்டையில் முழுத்தொகுப்பு என்று போட எப்படித்தான் மனசு வருகிறதோ! விண்வெளி நிலையத்தின் கதவு பூட்டிக்கொள்ள, ஐந்து பேர் உள்ளே மாட்டிக்கொள்வதோடு பன்னிரண்டாம் பகுதி முடியும். தொண்ணூற்றிரண்டில் கடைசிப் பகுதி ஓடிய அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஐந்து பேரும் இன்றுவரை எனக்குள் அப்படியேதான் நிற்கிறார்கள்.

என் பெயர் ஆபித். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ஸ்டெரிலைசர் பிரிவு என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நீராவியில் வேகவைத்து, கிருமியில்லாமல் வெளியே அனுப்புவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்த வருடம் சென்னைக் கம்பெனி ஒன்று இதே தொடரை ப்ளூரேயில் கொண்டுவருவதாக அறிவித்தது. அதற்குப் பொறுப்பான யுவராணியிடம் போனில் பேசிப் பேசி ஒரு தகவலைக் கறந்தேன். கதவை உடைத்து ஐந்து பேரையும் மீட்கும் டாக்டராகக் கடைசிப் பகுதியில் மட்டும் நடித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பெயர் சீனிச்சாமி, கோர்ட்டில் கிளார்க். உடனே பஸ் ஏறினேன். கோர்ட் வாசலில் நாலு பேரை விசாரித்ததில் வீடு கிடைத்தது. அவர் இறந்து இருபத்தேழு வருடமாகியிருந்தது. மனைவி மாடத்தியம்மாள் இரும்புப் பெட்டியைத் திறந்து, வேட்டியில் சுற்றியிருந்த ஒரு கேசட்டை எடுத்தார். ஒளிபரப்பான அன்று இரவல் வீடியோ டெக் வாங்கி சீனிச்சாமியே பதிவு செய்தது.

"அவிய நடக்குததும் பேசுததும் இது ஒண்ணுலதான் தம்பி இருக்கு. டெக்கு கிடைக்காம நாங்களே பாத்து எம்புட்டோ வருசமாச்சு. மகனுக்கு அப்பா மூஞ்சியே தெரியாது, ரெண்டு வயசுல விட்டுட்டுப் போயிட்டாவ. இப்ப லடாக்குல மிலிட்டரில இருக்கான். சிடியில வருதுன்னா மொதல்ல அவனுக்குத்தான் காட்டணும்."

மாடத்தியம்மாள் கேசட்டை என்னிடம் நம்பிக் கொடுத்தனுப்பினார். யுவராணி போனில் படித்துப் படித்துச் சொன்னார். ஓட்டிப் பார்க்காதீர்கள், துடைக்காதீர்கள், இருக்கிறபடியே கூரியரில் அனுப்புங்கள். ஆனால் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது. என் கையிலிருந்து ஒரு பொருள் பூஞ்சையோடு போவதா? பழைய நாடாவைச் சூடுபடுத்திச் சரிசெய்வார்கள் என்று எங்கோ படித்த ஞாபகமும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு சூடு என்று படிக்கவில்லை. காஸ் துணியில் நாலு சுற்றுச் சுற்றி, சூடு ஏறியதும் கோடு கறுக்கும் அடையாள டேப்பை ஒட்டி, துணிக்கட்டுகளோடு மெஷினுக்குள் வைத்துவிட்டேன். நூற்று இருபத்தோரு டிகிரி.

கதவைத் திறந்தபோது டேப்பில் கோடுகள் கச்சிதமாகக் கறுத்திருந்தன. உள்ளே கேசட் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. நாடா முழுவதும் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. ஒரு கிருமிகூட இல்லை, சீனிச்சாமியும் இல்லை.

"பெட்டியில இருந்து இருந்தே பூஞ்சை தின்னுருச்சு மேடம், கையில எடுத்ததுமே உதிருது" என்று யுவராணியிடம் சொன்னேன். மாடத்தியம்மாளிடமும் அதையேதான் சொன்னேன். அவர் "சரிய்யா" என்று போனை வைத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து ப்ளூரே பெட்டி இலவசமாகவே வீட்டுக்கு வந்தது. உள்ளே ஒரு சிறு புத்தகம். கடைசிப் பக்கத்தில் இப்படி அச்சாகியிருந்தது: 'பதின்மூன்றாம் பகுதியைக் கண்டுபிடித்த இராஜபாளையம் ஆபித் அவர்களுக்கு நன்றி. நடிகரின் குடும்பத்தார் முறையாகப் பாதுகாக்காததால் அந்த நாடா சிதைந்துபோனது.'

நன்றி எனக்கு, பழி அந்த அம்மாவுக்கு. வேலையில் கை ஓடவில்லை. மெஷினின் கதவைத் திருகி மூடும்போதெல்லாம் என்னையே உள்ளே வைத்து மூடுவது போலிருந்தது. பத்தாம் நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

மாடத்தியம்மாள் பாதியாக இளைத்திருந்தார். மேஜைமேல் அதே பெட்டி. அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"மகன் லீவுல வந்திருந்தான் தம்பி. அந்தப் பொஸ்தகத்தை அவன்தான் வாசிச்சான். 'அப்பா மூஞ்சியக்கூடப் பத்திரமா வைக்கத் தெரியலியா ஒனக்கு'ன்னு ஒரே சத்தம். லீவு முடியுததுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே கெளம்பிட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். அவன் சொல்லுததும் சரிதான? நான்தான் அப்பப்ப வெயில்ல காயவச்சு எடுத்திருக்கணும்."

"இல்லம்மா. நீங்க நல்லாத்தான் வச்சிருந்தீங்க. நான்தான் வேகவச்சுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், சூடு, பொய், ஒன்றையும் விடவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மேஜைமேல் இருந்த பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இதை இந்த வீட்டுக்குள்ள வச்சுச் சொன்னாப் போதுமாய்யா?"

அவர் ஒரு பழைய நோட்டை எடுத்து மகனின் நம்பரைத் தேடினார்.

"என் நம்பர்னா எடுக்க மாட்டான். ஒன் போன்ல போடு."

அவர் சொல்லச் சொல்ல எண்களை அழுத்தினேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டான்.

"முத்துவீரன் பேசுதேன். யாருங்க?"

பெயரைச் சொன்னேன். பொஸ்தகத்துல நன்றி போட்டிருந்தாங்களே, அந்த ஆள் என்றேன். அம்மாவிடம் சொன்னதையே திரும்பச் சொன்னேன்.

"அம்மா பக்கத்துல இருக்கா?" என்றான். குரல் உடைந்திருந்தது. "அவட்ட குடுங்க."

மாடத்தியம்மாள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "அழாதல... ஏலே, அழாதன்னா" என்பது மட்டும் கேட்டது. பிறகு அவரும் அழுதார். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்லவும் ஆளில்லை, போகச் சொல்லவும் ஆளில்லை. கால் மணி நேரம் இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"பொங்கலுக்கு வாரானாம்" என்று போனை நீட்டினார்.

"சந்தோஷம்மா" என்றேன். "அவன் வரும்போது நானும் ஒரு தடவை வந்து..."

"வேண்டாங்க" என்றார். முதல்முறையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினார். கோபமும் இல்லை அந்தக் குரலில். "நீங்க நல்லா இருங்க. இனிமே இங்க வராதீங்க."