மாடியில் மட்டும் டவர் கிடைத்தது

குருவம்மாள் ஊராட்சித் தலைவராக ஜெயித்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டியவள். நாரணாபுரத்தைத் தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் வரும் அவளுடைய ஊர், 2006 தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. புருஷன் சின்னச்சாமி இறந்து அப்போது மூன்று வருஷம். ஒரே மகள் வேல்விழி திருப்பூரில் வாக்கப்பட்டுப் போயிருந்தாள். தனியாள், பிள்ளை குட்டித் தொந்தரவு இல்லை, வாய்த்துடுக்கும் உண்டு என்று தெருக்காரர்களே பிடித்து நிறுத்தினார்கள்.

முதல் சில மாதங்கள் அவள் தலைவர் என்பது கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவளுக்கே ஞாபகம் வரும். யூனியன் ஆபீசிலிருந்து எந்தத் தகவல் வந்தாலும் ஊராட்சி எழுத்தர் ரத்தினசாமியிடம்தான் வரும். சிவகாசியில் கூட்டம் நடந்ததே மறுநாள்தான் அவளுக்குத் தெரியும். கேட்டால், "சொல்லி அனுப்ப ஆள் இல்லம்மா. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்.

ஒரு நாள் சிவகாசிக்குப் போய் அப்துல் ஹக்கீம் கடையில் செல்போன் வாங்கினாள்.

"பச்சைய அமுத்துனா பேசலாம், சிவப்ப அமுத்துனா வைக்கலாம். அம்புட்டுத்தான்க்கா" என்றார் ஹக்கீம். "நம்பர மட்டும் எல்லாருக்கும் குடுத்துராதீக. ஒரு வாய் சோறு திங்க விட மாட்டாக."

அவள் அதற்கு நேர்மாறாகச் செய்தாள். பெயிண்டரைக் கூப்பிட்டு, ஊர் மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஆள் உயரத்துக்கு நம்பரை எழுதச் சொன்னாள். யூனியன் ஆபீசில் ஆணையாளர் முதல் பம்ப் மெக்கானிக் வரை எல்லோருடைய நம்பரையும் வாங்கி வந்தாள். சித்திரையில் மோட்டார் கருகியபோது நேராக ஆணையாளரிடமே பேசினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக் வந்து நின்றார். ரத்தினசாமி கொஞ்ச நேரம் தொட்டியடியில் நின்று பார்த்துவிட்டு, "இனிமே நேரா பெரியவகளோடதான் பேச்சு போல" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தான் தலைவர் என்று அவளுக்குப் பட்டது.

ஐந்தாம் வகுப்புப் படிப்பில் எழுத்துக்கூட்டிப் பெயர்களைப் பதிந்துகொண்டாள். 'குழாய் நாகையா', 'ரேஷன் சீனிச்சாமி' என்று, அவர்கள் முதலில் கேட்ட குறையோடு சேர்த்தே பதிந்தாள். குழாய் சரியான பின்பும் நாகையா குழாய் நாகையாவாகவே இருந்தார். ஊர்க்காரர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். அவள் திருப்பிக் கூப்பிடுவாள். அரை நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும்.

முன்பெல்லாம் கம்பெனி விட்டு வந்ததும் நாலு பேராவது அவள் வாசலுக்கு வருவார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்து, மகள் கல்யாணம், மாமியார் சண்டை, இருக்கன்குடி கோயிலுக்கு எப்போது போவது என்று பேச்சு வளரும். போகிற போக்கில் அவள் அடுப்பில் இருக்கும் குழம்பை ருசி பார்த்துவிட்டுப் போவார்கள். போன் வந்த பிறகு அது குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. யாருக்கும் கோபமில்லை. வர வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. ஊர் வேலைகள் முன்னைவிட ஒழுங்காக நடந்தன. பொழுது சாயும் நேரத்தில் அவள் வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வள்ளித்தாய் ஒருத்திதான் வந்துகொண்டிருந்தாள். கம்பெனியில் இருபது வருஷமும் குருவம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள். அவளைவிட நாலு வயது மூத்தவள். புருஷன் விட்டுப்போன பின்பு ஒரே மகள் மாரீஸ்வரியை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். இப்போது தாய்க்குப் பதிலாக மகள் கம்பெனிக்குப் போனாள். "ஒரு போன் வாங்கிக்கக்கா" என்று குருவம்மாள் சொன்னால், "எனக்கு எதுக்கு அது? நீ இங்கனதான இருக்க" என்பாள்.

2009 ஆவணியில் ஒரு புதன்கிழமை. தீபாவளி சீசன் என்பதால் ஆர்டர் குவிந்து, எல்லாக் கம்பெனியிலும் முழுமூச்சாக வேலை நடந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேற்கே சத்தம் கேட்டது. அடுத்தடுத்து மூன்று. ஜன்னல் கம்பியில் தொங்கிய தட்டுக் கூடை கீழே விழுந்தது. குருவம்மாள் தெருவுக்கு ஓடி வந்து பார்த்தபோது ஊருக்கு மேற்கே இருந்த கம்பெனிப் பக்கம் புகை எழும்பியிருந்தது.

முதலில் தீயணைப்புக்குப் பேசினாள், பிறகு ஆம்புலன்சுக்கு. ஓடுகிற ஜனத்தோடு அவளும் நாலு எட்டு ஓடினாள். அதற்குள் போன் அடித்தது. தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி.

"தலைவரம்மா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கம்பெனிக்குத்தான் போறேன் சார்."

"போகாதீங்க. அங்க போனா டவர் கிடைக்காது. எங்களுக்கு அந்த ஊர்ல உங்க ஒருத்தர் நம்பர்தான் இருக்கு. டவர் கிடைக்கிற இடத்துலயே நில்லுங்க."

அந்த ஊரில் டவர் நன்றாகக் கிடைப்பது அவள் வீட்டு மொட்டை மாடியில்தான். வெளிப்பக்கப் படியில் ஏறி மேலே போனாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் போன் காதைவிட்டு இறங்கவில்லை. வண்டிகள் குறுக்கே வர ஒரு வழி உண்டு என்று டிரைவர்களுக்குச் சொன்னாள். எந்த அறையில் எத்தனை பேர் என்று கம்பெனி கணக்கரிடம் கேட்டு அதிகாரியிடம் சொன்னாள். ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். சீனிச்சாமியைப் பிடித்து, ஒரு மினி வேன் நிறைய இளவட்டங்களை அனுப்பிவைத்தாள். அன்று பிழைத்த நாலு பேரும் அந்த ரத்தத்தால்தான் பிழைத்தார்கள் என்று டாக்டரே பிறகு சொன்னார்.

வள்ளித்தாய் எப்போது வந்தாள் என்று குருவம்மாள் கவனிக்கவில்லை. கீழே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "குருவு, எம்மக இருக்காளாடி? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காகளே" என்றாள்.

குருவம்மாள் பேசிக்கொண்டே, இரு என்று கையைக் காட்டினாள். வள்ளித்தாய் படியடியில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து புகழேந்தி பேசினான். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் அவன்; உடல்களை அடையாளம் காட்டப் போயிருந்தான். ஐந்து பெயர்களைச் சொன்னான். பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டாள். மூன்றாவது பெயரை எழுதும்போது பேனா அட்டையைக் கிழித்தது. அவள் மாடியின் மறு ஓரத்துக்குப் போய், கீழே பார்க்காமல் நின்றாள்.

உடனே தாலுகா ஆபீசிலிருந்து பேசினார்கள். பெயர் வேண்டும், கலெக்டர் கேட்கிறார் என்றார்கள். லைன் விட்டுவிட்டுக் கேட்டது. "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. அவள் சத்தமாக வாசித்தாள்.

"மூணாவது, மாரீஸ்வரி. வயசு பத்தொம்பது. தாயார் பேரு வள்ளித்தாய்."

அந்த அதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னாள். ஐந்தும் முடிந்ததும் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

குருவம்மாள் திரும்பினாள். வள்ளித்தாய் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. குருவம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் வள்ளித்தாய் சேலை முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

அடக்கத்தின்போது குருவம்மாள் கூட்டத்தின் பின்னால் நின்றாள். அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவளைத்தான் தேடிப் பேசினார்கள். புரட்டாசியில் விருதுநகரில் நடந்த கூட்டத்தில் கலெக்டர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாத் தலைவர்களும் இப்படிக் கையில் போனோடு இருக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். பேப்பரில் படம் வந்தது. வேல்விழி திருப்பூரிலிருந்து பேசி, "படத்துல ஏம்மா முகத்த அப்படி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

வள்ளித்தாய் வீட்டைப் பூட்டிவிட்டு, மல்லாங்கிணறு ஊரில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஐப்பசியில் வாரிசுச் சான்றிதழுக்கான தாளை நாகையாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். குருவம்மாள் அதில் பெயரும் வயதும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். திருப்பி நாகையாவிடமே கொடுத்துவிடலாம். கொடுக்காமல் தானே பஸ் ஏறினாள்.

தம்பி வீட்டில் வள்ளித்தாய் மட்டும் இருந்தாள். முற்றத்தில் பருத்தியைக் கொட்டிச் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுலயும் பத்தொம்பதுன்னுதான் போட்டுருக்கு" என்றாள். "அவளுக்கு ஆடியோட இருபது முடிஞ்சு போச்சு. அன்னைக்கும் நீ தப்பாத்தான் வாசிச்ச."

"மாத்தி எழுதிக் கொண்டாறேன்க்கா."

வள்ளித்தாய் பருத்தியைப் பொறுக்கினாள். குருவம்மாளும் எதிரில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். கம்பெனியில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூடை நிறைந்த பிறகு குருவம்மாள் சொன்னாள்.

"அக்கா, அன்னைக்கு ஆபீசர் முன்னாலயே போன வச்சிட்டாரு. நான்தான் காதுல வச்சிக்கிட்டு நின்னேன். அத எடுத்தா கீள எறங்கி வந்து ஒம் மொகத்தப் பாக்கணுமேன்னு."

"தெரியும். நீ பேசலயே. சும்மா தலைய ஆட்டிக்கிட்டு நின்ன."

இன்னொரு கூடையும் நிறைந்தது. பிறகு வள்ளித்தாய் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா பெறகு ஏளு மணிக்குத்தான்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று குருவம்மாளுக்கு இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

வயதைத் திருத்திய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வள்ளித்தாய் வீட்டில் இல்லை. தம்பி பெண்டாட்டி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகையிலிருந்து குருவம்மாள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். யார் போனில் குறை சொன்னாலும், கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கே நடந்து போனாள். அடைமழை நாளில், கூரை ஒழுகுகிறது என்று பேசிய ஒரு வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, கலைந்து கிடந்த பாத்திரங்களை அவசரமாக ஓரம் தள்ளினாள்.

"என்ன தலைவரம்மா, இந்த மழைக்குள்ள? ஒரு போன் பண்ணியிருந்தாப் போதுமே."

"சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு."

உட்காரச் சொன்னாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். அடுத்து என்ன பேசுவது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, குருவம்மாளுக்கும் தெரியவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எழுதி அனுப்புவதாகச் சொல்லி வெளியே வந்தாள். அவள் தெருவில் இறங்கியதும் பின்னால் கதவு சாத்தப்பட்டது. மழை விடவில்லை. பட்டியலில் இன்னும் இரண்டு வீடு இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.