போலீஸ்காரர் இடுப்பில் போட்ட கை

துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே ஆள் நின்றால் யாரும் கத்த மாட்டார்கள். இரைச்சலில் கேட்காது. பக்கத்தில் நிற்பவன் அவன் இடுப்பில் கைபோட்டு இழுத்து எறிந்துவிடுவான். விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவான். அதில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை.

எமர்ஜென்சி வந்த மறுவருஷம். கூலிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடுவார்கள் என்று அங்கே போலீஸ் போட்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் சுடலைக்கண்ணு பீடி பற்றவைக்கக் குனிந்தபோது, மேலே உப்பு மூட்டைகளைக் கட்டிய கயிறு நழுவியது. பக்கத்தில் நின்ற கூலிக்காரன் ஜேசுபாதம் யோசிக்கவில்லை. பெல்ட்டைப் பிடித்து இழுத்து எறிந்தான். அவர் நின்ற இடத்தில் மூட்டைகள் விழுந்து வெடித்தன. தொப்பி கடலில் போய் விழுந்தது.

"ஏலே, சர்க்கார் தொப்பி கொழும்புக்குப் போவுதுடே! பாஸ்போர்ட்டு இருக்கான்னு கேளு" என்றான் கூட வேலை செய்யும் ஈஸா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இன்ஸ்பெக்டர் காதுவரை போனது.

போலீஸ்காரரைக் கடமை செய்யவிடாமல் பலவந்தம் செய்தான் என்று கேஸ். முன்பென்றால் ஜாமீன் சுலபமாகக் கிடைத்திருக்கும். இப்போது எமர்ஜென்சிக்கான நாட்டுப் பாதுகாப்பு விதியையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். இவன் குற்றம் செய்யவில்லை என்று கோர்ட்டுக்கே தோன்றினால்தான் வெளியே வரலாம்.

பெண்டாட்டி ஜீவமணி, சுடலைக்கண்ணு வீட்டுக்குப் போய்விட்டு வந்து கம்பிக்கு வெளியே நின்றாள்.

"என்ன சொல்லுதாரு?"

"நீங்க இழுக்காட்டா அவரு சட்னியாம். அவரே சொல்லுதாரு."

"பெறவென்ன?"

"அதைக் கோர்ட்டுல சொன்னா, டூட்டில பீடி குடிச்சீரான்னு வேலை போயிருமாம். எனக்கும் பிள்ளைய இருக்குங்காரு. எங்க பிள்ளைய என்ன கடல்லயா மொளைச்சுதுன்னு கேட்டேன். கதவைச் சாத்திட்டாரு."

கோர்ட்டில் ஈஸா நடந்ததைச் சொன்னான். கூட்டாளி பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். வக்கீல் சுடலைக்கண்ணுவிடம் கேட்டார்: "உம்ம தலைக்கு மேல மூட்டை வந்துதா இல்லையா?"

"நான் மேல பாக்கலீங்க."

பொய்யில்லை. பார்த்திருந்தால் நகர்ந்திருப்பாரே.

ஜாமீன் இல்லை என்றாகிவிட்டது. பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோக வண்டி நின்றது. காவலுக்கு வந்தவர் சுடலைக்கண்ணுவேதான். படியில் ஜேசுபாதத்தின் முழங்கையைப் பிடித்தார்.

"பாத்து ஏறும், அண்ணாச்சி. தலையில இடிச்சிரும்."

"கைய எடும்வே" என்றான் ஜேசுபாதம். "நீரு தொட்டா அதுக்கு கேஸு கெடையாதுல்லா."

அவர் கையை எடுக்கவில்லை. கைதியை விட்டுக் கையை எடுக்கக்கூடாது என்பதும் சட்டம்தான்.